முதல் இணையப் பக்கத்துக்கு எழுத்து தயாரிக்கும்போது வரும் கோளாறுகளும் அவற்றைத் தீர்க்கும் வழியும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் முதல் தடவையாக இணையப் பக்கம் போட நினைக்கிறவர்கள் இப்போது எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். அரிசி ஆலைக்காரர், தையல் கடைக்காரர், கோயில் பரிபாலன சபை, வாசிகசாலை, முன்பள்ளி, பனம்பொருள் செய்யும் பெண்கள் குழு. பக்கத்தைக் கட்டித் தருவது பெரும்பாலும் கணினி படித்த சொந்தக்காரப் பிள்ளை ஒன்றுதான். வடிவமைப்பு கெதியாக முடிந்துவிடும். எழுத்து வந்து சேரத்தான் நாட்கள் இழுபடும். வரும்போதும் பாதி கொப்பித் தாளில், பாதி வட்ஸ்அப் குரல் பதிவில், மீதி கொம்யூனிகேஷன் கடையில் எப்போதோ தட்டச்சு செய்த கோப்பில் என்று துண்டு துண்டாக வரும்.

பிறகு பக்கம் சரியில்லை என்று முறைப்பாடு வந்தால் கட்டிக் கொடுத்த பிள்ளையின் தலையில்தான் விழும். நான் பார்த்தவரைக்கும் அந்த முறைப்பாடுகளில் பெரும்பாலானவை எழுத்திலேயே இருந்த கோளாறுகள். எழுத்தைத் திருத்தினால் தீர்ந்துவிடும். ஆகவே இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் பக்கத்தில் தெரிகிற அறிகுறி எதுவோ அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால் போதும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒன்று செய்யுங்கள். எல்லா எழுத்தையும் ஒரே ஒரு வெறும் எழுத்துக் கோப்பில் சேருங்கள். நிறம், தடிப்பு, பெட்டி ஒன்றும் வேண்டாம். நோட்பேட் போதும், போனில் உள்ள குறிப்பேட்டுச் செயலியும் போதும். இதை மூலக் கோப்பு என்று வைத்துக்கொள்வோம். கீழே சொல்லும் திருத்தம் எல்லாம் முதலில் இதில், பிறகுதான் பக்கத்தில்.

தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியல் தெரிகிறது

'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் அவற்றின் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் நிற்கிறதா? அப்படியானால் உங்கள் கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. இலங்கையில் திருமண அழைப்பிதழ், மரண அறிவித்தல், பாடசாலை மலர், கூட்ட அறிக்கை எல்லாம் நெடுங்காலமாகப் பாமினியில்தான் அடிக்கப்பட்டன, இன்றும் பல இடங்களில் அப்படித்தான். அதில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துத்தான். எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்.

திருத்தம்: தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொது எழுத்து முறையான யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். பாமினியை மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. ஆனால் மாற்றுவதற்கு முன்னர், கோப்பில் உண்மையான ஆங்கிலத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரி, இணைய முகவரி, நிறுவனப் பெயர் ஆகியவற்றை வெட்டி வேறிடத்தில் வையுங்கள். கருவிக்கு எது பாமினி எது ஆங்கிலம் என்று தெரியாது, எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும். மின்னஞ்சல் முகவரி ஒன்று இப்படிச் சிதைந்து போய்ப் பக்கத்தில் ஏறினால், யார் எழுதினாலும் கடிதம் வந்து சேராது.

மாற்றி முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவர்கள் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். மூன்று இடங்களைக் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, காற்புள்ளி. பாமினியில் காற்புள்ளிக்குரிய விசை 'இ' எழுத்துக்கு உரியது. தட்டச்சு செய்தவர் நடுவில் ஆங்கில எழுத்துருவுக்கு மாறிக் காற்புள்ளி போட்டிருந்தால், மாற்றிய பிறகு 'கச்சான்இ பனங்கட்டிஇ ஒடியல் மா' என்று வரும். ஈழத்துப் பக்கங்களில் இதை நீங்களே எத்தனையோ தடவை கண்டிருப்பீர்கள். 'இ' எழுத்தும் அதை அடுத்து ஓர் இடைவெளியும் என்று தேடி, காற்புள்ளியும் இடைவெளியும் என்று மாற்றுங்கள். தமிழ்ச் சொல் எதுவும் தனி 'இ' எழுத்தில் முடிவதில்லை என்பதால் இந்த மாற்றத்தால் வேறெதுவும் கெடாது. அ, ஆ, இ என்று பிரிவு போட்டிருந்தால் மட்டும் அந்த இடத்தைக் கண்ணால் பாருங்கள்.

இரண்டாவது, ரகரம். 'அவர்' என்பதும் 'அவா்' என்பதும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். முதலாவதில் இருப்பது ர எழுத்தும் புள்ளியும். இரண்டாவதில் இருப்பது கால் குறியும் புள்ளியும். பாமினியில் பழகிய கைகள் இந்தக் குறுக்கு வழியை நிறையப் பாவிக்கும். 'அதிகாரி' என்பது 'அதிகாாி' ஆவதும் இதே காரணத்தால்தான். அச்சில் ஒரு தொந்தரவும் இல்லை. இணையத்தில் கூகிள் போன்ற தேடுபொறிக்கு அது வேறு சொல். சில போன்களில் புள்ளி வட்டம் ஒன்றும் நடுவில் முளைக்கும். கால் குறிக்குப் பின்னால் புள்ளியோ, இகர, ஈகரக் குறியோ தமிழில் ஒருபோதும் வராது. எனவே இவற்றை ஒரேயடியாக ர், ரி, ரீ என்று மாற்றிவிடலாம்.

மூன்றாவது, ஔகாரம். 'பௌர்ணமி' என்பது 'பெளர்ணமி' என்று ஒற்றைக் கொம்பும் ளகரமுமாக அடிக்கப்பட்டிருக்கும். இதை மட்டும் ஒரேயடியாக மாற்றக் கூடாது. மாற்றினால் வெள்ளம், தெளிவு, வெளி எல்லாம் உடைந்துவிடும். கௌரவ, சௌகரியம், பௌர்ணமி, மௌனம் என்று உங்கள் எழுத்தில் வரக்கூடிய சொற்கள் கொஞ்சம்தான். ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துங்கள்.

கேள்விக்குறிகள், விசித்திரக் குறிகள், வெற்றுப் பெட்டிகள்

மூன்றும் வெவ்வேறு நோய்கள். ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் மணிக்கணக்கில் வீணாகும்.

எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறியாக இருந்தால், கோப்பைச் சேமிக்கும்போது தமிழ் அழிந்துவிட்டது. பழைய விண்டோஸ் கணினியில் நோட்பேட் தமிழுக்கு இடமில்லாத பழைய குறியாக்கத்தில்தான் (எழுத்துகளை எண்ணாக மாற்றி வைக்கும் முறை) சேமிக்கும். எச்சரிக்கை ஒன்று காட்டும், நாங்கள் வாசிக்காமல் சரி என்று அழுத்திவிடுவோம். 2019 இல் வந்த விண்டோஸ் 10 இன் 1903 பதிப்பு தொடக்கம் நோட்பேட் தானாகவே யுனிகோடுக்குரிய யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் சேமிக்கிறது. பழைய கணினியென்றால் சேமிக்கும் பெட்டியின் அடியில் குறியாக்கம் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 என்று நீங்களே தெரிய வேண்டும். கேள்விக்குறியாகிப் போன கோப்பை மீட்க வழியில்லை. மூலத்தைத் தேடி எடுத்து மறுபடி சேமிக்க வேண்டியதுதான்.

வரி முழுக்கத் தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் ஆங்கில 'ஆர்' போட்ட குறியும் திரும்பத் திரும்ப வந்தால் நல்ல செய்தி: எழுத்து பத்திரமாக இருக்கிறது. யுடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், அதாவது கணினிச் சேமிப்பில் மூன்று சிறு அலகு. பக்கத்தைத் திறக்கும் உலாவி (குரோம் போன்ற செயலி) அதை மூன்று ஐரோப்பிய எழுத்துகள் என்று தவறாக வாசிக்கிறது. பக்கத்தின் தலைப்பகுதியில், முதல் 1024 பைட்டுக்குள், மெட்டா சார்செட் யுடிஎஃப்-8 என்ற வரி இருக்கிறதா என்று பக்கம் கட்டியவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியோடு சரியாகிவிடும்.

வெற்றுப் பெட்டிகள் தெரிந்தால் பார்ப்பவரின் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. வேறு போனில் திறந்து பாருங்கள். அங்கே நன்றாகத் தெரிந்தால் உங்கள் எழுத்தில் பிழையில்லை. இப்போதைய போன்களில் இது அரிது.

பந்தி பிரித்து எழுதியது எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது

கோப்பில் நீங்கள் என்டர் தட்டிய இடங்களை உலாவி கணக்கில் எடுக்காது. எத்தனை தட்டினாலும் ஓர் இடைவெளிதான். பந்தி எங்கே தொடங்குகிறது என்று பக்கத்தைக் கட்டுகிறவர் பந்தி டேக் என்ற குறியைப் போட்டால்தான் பிரியும். நீங்கள் செய்ய வேண்டியது, மூலக் கோப்பில் ஒவ்வொரு பந்திக்கும் நடுவில் ஒரு வெற்று வரி விடுவதும், தலைப்புகளுக்கு முன்னால் 'தலைப்பு:' என்று எழுதி விடுவதும். அந்தப் பிள்ளை ஊகிக்க வேண்டிய தேவை இருக்காது. வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டும்போது கண்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பல செயலிகளில் வெறும் எழுத்து மட்டும் வரும், வேர்டின் நிறமும் அளவும் கூடவே வராது.

பக்கத்தைப் பார்த்துவிட்டும் போன் எடுத்து அதையே கேட்கிறார்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான அறிகுறி. எழுத்து அழகாகத் தெரிகிறது, பிழை ஒன்றும் இல்லை, ஆனாலும் ஆட்கள் அழைத்து "இன்றைக்குத் திறந்திருக்கோ?", "கிலோ எவ்வளவு?", "வவுனியாவுக்கு அனுப்புவீங்களோ?" என்று கேட்கிறார்கள். அப்படியென்றால் பக்கத்தில் எழுத்து இருக்கிறது, விடை இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கங்களில் முதல் பந்தி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 'எமது இணையத்தளத்துக்கு வருகை தந்திருக்கும் உங்களை அன்புடன் வரவேற்கின்றோம். வந்தாரை வாழவைக்கும் வன்னி மண்ணின் வளங்களைக் கொண்டு தரமான முறையில் உற்பத்தி செய்யப்படும் எமது பொருட்கள்...' என்று போகும். விழா மேடையில் இது பொருத்தம். போனில் வாசிப்பவருக்கு முதல் திரை முழுக்க இதுவாகவே போய்விடும். மாங்குளத்தில் பஸ்ஸுக்குள் இருந்து பார்ப்பவருக்குச் சிக்னல் போவதற்குள் வேண்டிய விஷயம் கிடைக்க வேண்டும்.

விசுவமடுப் பக்கத்தில் பனம்பொருள் செய்யும் ஒரு குழு என்று எடுத்துக்கொள்வோம். அவர்களின் முதல் பந்தி இப்படி இருக்கலாம்:

'வறுத்த கச்சான், ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி விற்கிறோம். எல்லாம் எங்கள் குழுப் பெண்கள் கையால் செய்வது. கடை பரந்தன் முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவில். காலை 8 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும், ஞாயிறு பூட்டு. யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் பஸ்ஸில் பொதி போட்டு விடுவோம். பனங்கட்டி வருடம் முழுக்கக் கிடைக்காது, இருக்கிறதா என்று முதலில் வட்ஸ்அப்பில் கேளுங்கள்.'

வரவேற்பு இல்லை என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பனங்கட்டி எப்போதும் இருக்காது என்று முன்னமே சொன்னதில் நேர்மையும் தெரிகிறது, வீணான அழைப்பும் குறைகிறது.

எந்தெந்தக் கேள்விக்கு விடை எழுத வேண்டும் என்று யோசித்துக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஒரு கிழமைக்குக் கடையில் ஒரு கொப்பியை வைத்து, போனிலும் நேரிலும் வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று அவர்கள் கேட்ட சொல்லிலேயே எழுதி வையுங்கள். கோயிலென்றால் ஐயரிடமும் சபைச் செயலாளரிடமும் கேளுங்கள். அதிகம் கேட்கப்படுவது மேலே, குறைவாகக் கேட்கப்படுவது கீழே. பக்கத்தின் ஒழுங்கு அப்படியே கிடைத்துவிடும்.

அளவுகளில் கவனம் வேண்டும். ஆலைக்காரருக்கு மூடை என்றாலும் புசல் என்றாலும் விளங்கும். கொழும்பிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வாசிப்பவருக்கு ஒரு மூடை எத்தனை கிலோ என்று தெரியாது. பனங்கட்டியைக் குட்டானாக (சிறிய ஓலைப் பெட்டியில்) விற்றால் ஒரு குட்டானில் எத்தனை கிராம் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஊர்ச் சொல்லை எடுத்துவிட வேண்டாம், கிலோவை அதன் பக்கத்தில் சேர்த்தால் போதும்.

தொலைபேசி இலக்கமும் அப்படித்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவு நிலையான இலக்கங்கள் 021 இல் தொடங்குபவை, வவுனியா 024, மன்னார் 023. வெளிநாட்டில் இருந்து அழைப்பவருக்கு இந்த முதல் பூச்சியம் தடை. அதை எடுத்துவிட்டு +94 போட்டு எழுதினால் இங்கிருந்தும் அங்கிருந்தும் அழைக்கலாம். இலக்கத்தைப் படமாகப் போடாமல் எழுத்தாகவே போட்டு, தொட்டால் அழைப்புப் போகும்படி இணைக்கச் சொல்லுங்கள்.

எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை

வாய்கொள்ளாமல் கதைக்கிறவரிடமும் பேனையைக் கொடுத்தால் 'எமது நிறுவனமானது' என்று தொடங்கி அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். போனில் குரல் பதிவைப் போட்டுவிட்டு, "அண்ணை, நெல்லு கொண்டு வந்தால் என்ன நடக்கும், முதலில் இருந்து சொல்லுங்கோ" என்று கேளுங்கள். அவர் சொல்வார்: நெல் ஈரமென்றால் எடுக்க மாட்டோம், காய வைத்துத்தான் கொண்டு வர வேணும், புழுங்கலுக்கு ஒரு நாள் கூடச் செல்லும், தவிடு வேணுமென்றால் முதலே சொல்ல வேணும். இந்த மூன்று விஷயமும் எந்த ஆலையின் விளம்பரத் தாளிலும் இருக்காது. வாடிக்கையாளருக்கு வேண்டியதோ இவைதான்.

பதிவைக் கேட்டுக் கேட்டு எழுதுங்கள். பேச்சை எழுத்து வழக்குக்கு மாற்றும்போது வினைமுடிவை மட்டும் திருத்தினால் போதும். 'எடுக்க மாட்டம்' என்பது 'எடுக்க மாட்டோம்' ஆகட்டும். 'பெற்றுக்கொள்ளப்பட மாட்டாது' என்று ஆக்க வேண்டாம். அவருடைய ஒழுங்கையும் கலைக்க வேண்டாம், வேலை நடக்கும் ஒழுங்கில்தான் சொல்லியிருப்பார்.

கூகிளில் தேடினால் வருவதில்லை

முதலில் உங்கள் பக்கத்தைத் திறந்து, பக்கத்துக்குள் தேடும் வசதியில் உங்கள் ஊர்ப் பெயரைத் தட்டுங்கள். அங்கேயே அகப்படவில்லை என்றால் கூகிளைக் குறை சொல்லிப் பயனில்லை.

அகப்படாததற்கு முதல் காரணம், விபரம் எல்லாம் படத்துக்குள் இருப்பது. திருவிழா அறிவித்தல், வகுப்பு நேரசூசி, விலைப்பட்டியல் எல்லாவற்றையும் அழகான வண்ணத் தாளாக வடிவமைத்துப் படமாக ஏற்றிவிடுகிறோம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடுபொறி உங்களைக் கண்டுபிடிக்கும் என்று இருக்க முடியாது. கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் செயலியும் அந்த இடத்தில் வாய்மூடிவிடும். படம் இருக்கட்டும், அதன் கீழே அதே விபரத்தை எழுத்தாகவும் போடுங்கள்.

அடுத்த காரணம் ஸ்ரீ. எங்கள் கோயில்களில் பாதிக்கு மேல் அந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன என்று தோன்றும். யுனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம்: ஸகரத்தோடு ஒரு விதம், 2005 இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தோடு ஒரு விதம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஒரு பக்கத்துக்குள் ஒரே விதத்தையே பாவியுங்கள். ஸ்ரீ இல்லாமல் கோயில் பெயரை மட்டும் ஓர் இடத்திலாவது எழுதி வையுங்கள். தேடுகிறவர் பெரும்பாலும் 'வற்றாப்பளை கண்ணகி அம்மன்' என்றுதான் தட்டுவாரே தவிரப் பதிவுப் பெயரை முழுதாகத் தட்ட மாட்டார்.

ஊர்ப் பெயரையும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். ஓரிடத்தில் 'முல்லைத்தீவு', இன்னோரிடத்தில் 'முல்லை', மற்றோரிடத்தில் 'மு/தீவு' என்று சுருக்கினால் தேடுபவருக்கு எட்டாது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடுகிற பிள்ளைகளும் உண்டு. பக்கத்தின் அடியில் முகவரியை ஆங்கிலத்திலும் ஒருமுறை போடுவது நல்லது.

உலாவித் தாவலில் தெரியும் தலைப்பையும் மறக்க வேண்டாம். அதை யாரும் எழுதித் தருவதில்லை, அதனால் 'முகப்பு' என்றோ வெறுமையாகவோ இருந்துவிடுகிறது. தேடல் விடையிலும் வட்ஸ்அப்பில் இணைப்பைப் பகிரும்போதும் முன்னால் நிற்பது பெரும்பாலும் அந்தத் தலைப்புத்தான். என்ன, எங்கே என்ற இரண்டும் அதில் இருக்கட்டும்: 'அரிசி ஆலை, துணுக்காய்' என்பதுபோல.

வழி எழுதியிருக்கிறது, ஆனாலும் ஆட்கள் தொலைந்து போகிறார்கள்

வன்னியில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. 2008, 2009 இடப்பெயர்வுக்கு முன்னால் ஊரைவிட்டுப் போனவர்களுக்குப் பழைய அடையாளங்கள்தான் நினைவில் இருக்கின்றன: பழைய சங்கக் கடை, இடிந்துபோன ஆஸ்பத்திரி, வெட்டப்பட்ட ஆலமரம். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு அவை ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு வங்கியும் எரிபொருள் நிலையமும்தான் அடையாளம். ஆகவே இரண்டையும் எழுதுங்கள். 'முன்பு சங்கக் கடை இருந்த இடத்துக்கு எதிரே, இப்போதைய மக்கள் மண்டபத்துக்குப் பக்கத்தில்' என்றால் இரு சாராரும் வந்து சேர்வார்கள்.

தூரத்தைப் பெரிய வீதியிலிருந்து சொல்லுங்கள். ஏ9 வீதியில் எந்தச் சந்தியில் இறங்க வேண்டும், அங்கிருந்து இடமா வலமா, எத்தனை கிலோமீற்றர், அந்த வழியில் பஸ் உண்டா, இல்லையென்றால் ஓட்டோ கிடைக்குமா. ரயில் பாதை 2013 இல் மறுபடி கிளிநொச்சி வரை வந்துவிட்டது. ரயிலில் வருகிறவருக்கு எந்த நிலையம் கிட்ட என்றும் ஒரு வரி போடலாம். மைல் கட்டைக் கணக்கில் சொல்வது ஊராருக்கு மட்டும் விளங்கும். அது கூடவே இருக்கட்டும், தனியாக நிற்க வேண்டாம்.

"இந்த வரலாறு பிழை" என்று ஊர்க்காரர் ஒருவர் கோபப்படுகிறார்

கோயிலும் பாடசாலையும் முதல் பக்கம் போடும்போது தவறாமல் வரும் சிக்கல். பதிவேடுகளும் பழைய மலர்களும் இடப்பெயர்வுகளில் பெருமளவு அழிந்துவிட்டன. எஞ்சியிருப்பது பெரியவர்களின் நினைவு. ஒருவர் ஓர் ஆண்டு சொல்வார், இன்னொருவர் வேறொன்று சொல்வார். பக்கம் எழுதுபவர் ஒன்றைத் தெரிந்தெடுத்து உறுதியாக எழுதிவிடுவார். அடுத்த நாள் சண்டை.

இதைத் தீர்க்க, எழுத்திலேயே அடித்தளத்தைக் காட்ட வேண்டும். ஆவணத்தில் இருப்பதை 'இந்த ஆண்டுக் கும்பாபிஷேக மலரில் உள்ளபடி' என்று எழுதுங்கள். நினைவில் இருப்பதை 'ஊர்ப் பெரியவர்கள் சொல்வது' என்று எழுதுங்கள். இரண்டு கதை இருந்தால் இரண்டையும் எழுதுங்கள், இடம் போதாதா என்ன. ஆதாரம் இல்லாத ஆண்டுக்கு எண்ணே வேண்டாம், 'நெடுங்காலமாக' என்றே இருக்கட்டும். ஒருமுறை இணையத்தில் ஏறிய தவறான ஆண்டை அடுத்தவர் எடுத்து எழுதுவார், அவரிடமிருந்து மூன்றாமவர் எடுப்பார். பிறகு அதுவே வரலாறாகிவிடும். ஏற்கெனவே ஆவணங்களை இழந்த ஓர் ஊருக்கு நாங்கள் செய்யக்கூடிய கெடுதல்களில் இது பெரியது.

எழுதுவதற்கு முன் இரண்டு இடங்களில் தேடுங்கள். வெளிநாட்டில் உள்ள உறவினர் வீடுகளில் பழைய மலர்கள் பத்திரமாக இருப்பதுண்டு, ஒரு வட்ஸ்அப் செய்தியில் கேட்கலாம். மற்றது, 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம். ஈழத்துச் சிறப்பு மலர்களும் பத்திரிகைகளும் அங்கே பெருந்தொகையாகக் கிடைக்கின்றன, இலவசமாக வாசிக்கலாம்.

"என் பெயரை எடுத்துவிடுங்கோ" என்று ஒருவர் கேட்கிறார்

உடனே எடுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

முதலிலேயே போடாமல் இருந்திருக்க வேண்டியவை எவை என்று மூலக் கோப்பைப் பார்க்க வேண்டியது அடுத்த வேலை. உதவி பெற்றவர்களின் பட்டியலைப் பெயர், கிராமம், குடும்ப நிலையோடு போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. கொடுத்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது விளங்குகிறது. கணக்கை எண்ணிக்கையாகக் காட்டலாம். கணவரை இழந்தவர், மாற்றுத்திறனாளி, காணாமல் போனவரின் தாய் என்று ஒருவரின் துயரத்தை அவருடைய பெயருக்குப் பக்கத்தில் எழுதி உலகம் பார்க்க வைப்பது சரியல்ல. தனியே வாழும் பெண்ணின் பெயரும் ஊரும் போன் இலக்கமும் ஒரே இடத்தில் இருப்பது ஆபத்தும்கூட. பிள்ளைகளின் முழுப் பெயரையும் படத்தையும் பாடசாலைப் பெயரையும் சேர்த்துப் போடவே வேண்டாம்.

குழு உறுப்பினர் தம் பெயர் வர வேண்டும் என்று விரும்பினால், எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, "அக்கா, இப்படிப் போடலாமோ?" என்று கேட்டு, அவர் ஓம் என்ற பிறகு போடுங்கள். கூட்டத்தில் எல்லோரும் இருக்கும்போது கேட்டால் மறுக்கக் கூச்சப்படுவார். தனியாகக் கேளுங்கள்.

போனில் பக்கம் பக்கவாட்டில் இழுபடுகிறது

நீளமான கூட்டுச் சொல்லோ அகலமான அட்டவணையோ காரணமாக இருக்கும். 'பனைஅபிவிருத்திக்கூட்டுறவுச்சங்கம்' என்று ஒட்டி எழுதாமல் பிரித்து எழுதுங்கள். ஆறு நிரல் அட்டவணையை இரண்டு நிரலாகக் குறையுங்கள், அல்லது வரிகளாக எழுதிவிடுங்கள். இரு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று கேட்காதீர்கள். தமிழ்ச் சொல் நீளமானது, சிறிய திரையில் சொல்லுக்குச் சொல் பெரிய ஓட்டை விழும்.

இணைப்பு ஒரு முழம் நீளத்துக்கு வருகிறது

கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்திருப்பீர்கள். இணைப்பைப் பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியோடு ஒன்பது எழுத்தாக விரியக்கூடும். 'கிளிநொச்சி' என்ற பெயர் மட்டும் தொண்ணூறு எழுத்தாகிவிடும். கோப்புப் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள்.

திருவிழா முடிந்த பிறகும் 'எதிர்வரும் திங்கள்' என்று நிற்கிறது

'இன்று', 'நாளை', 'எதிர்வரும்', 'இவ்வருடம்', 'அண்மையில்'. மூலக் கோப்பில் இந்த ஐந்து சொல்லையும் தேடுங்கள். அகப்பட்ட இடமெல்லாம் திகதி போடுங்கள், ஆண்டோடு. 'வைகாசி விசாகப் பொங்கல்' என்பதோடு அந்த ஆண்டின் ஆங்கிலத் திகதியும் வேண்டும், விடுமுறை எடுத்து வருகிறவர் பார்ப்பது அதைத்தான். விலை எழுதினால் எந்த மாத விலை என்றும் எழுதுங்கள். காலபோக அறுவடைக்குப் பிறகு இருக்கும் நெல் விலையும் சிறுபோகத்துக்கு முன்னால் இருக்கும் விலையும் ஒன்றாக இருக்காது.

மாறக்கூடிய விபரங்களை எல்லாம் பக்கத்தில் ஒரே இடத்தில் வைத்தால் திருத்துவது சுலபம். திறக்கும் நேரம் மூன்று இடத்தில் எழுதியிருந்தால் ஓர் இடத்தில் திருத்தி இரண்டு இடத்தில் மறப்போம். மாறாதவற்றைக் கீழே விட்டுவிடுங்கள். யார் திருத்துவது என்றும் முன்னமே பெயர் குறித்து வையுங்கள். பக்கம் கட்டிய பிள்ளை பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டால், கடவுச்சொல்லும் மூலக் கோப்பும் சபையில் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்க வேண்டும்.